மழையில் காணி பார்க்கப் போனவர்

மழை பெய்தால்தான் அவர் காணி பார்க்கப் போவார்.

வெயில் நாளில் யாராவது கூப்பிட்டால், "இன்னைக்கு வேணாங்க. இன்னைக்கு எல்லாக் காணியும் அழகாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவார். ஜூன் மாதம் ஹட்டன் மலைகளில் மேகம் இறங்கி மூன்று நாள் விடாமல் கொட்டியதும், ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கிளம்புவதற்கு முன் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சவர்க்காரம் தேய்த்துக்கொள்வார். அது அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க. இத்தனைக்கும் பல வருடங்கள் அவர் பார்த்த காணிகளில் தொண்ணூறு வீதம் அவர் வாங்குவதற்கானவை அல்ல. யாரோ வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், போய்ப் பார்த்துவிட்டு வருவார். சிலர் சினிமாவுக்குப் போவது மாதிரி.

அவர் எங்கள் தோட்டத்து மருத்துவமாது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில் ஆறாவது மைலில் இருக்கிறது அந்தத் தோட்டம். எல்லோருக்கும் அவர் மிட்வைப் அம்மா. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மாதா கோயில் திருத்த வேலைக்குக் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகையில் தன் பெயரும் இருந்ததைப் பார்த்து, பெயின்ட்காரரைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னவர் அவர். பதின்மூன்று பெயர்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு நெடுநாள் இருந்தது.

நான் அங்கே பள்ளிக்கூட ஆசிரியர். அவர் என்னைவிட நான்கு வயது இளையவர். அவரிடம் ஒன்றைக் கற்றுக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்ததற்கு இந்த நான்கு வயதும் ஒரு காரணம்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் எதைப் பற்றிப் புகழ்ந்து பேசினாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்பார்: "இதுல ஒங்களுக்கு என்னங்க கெடைக்கும்?"

இரத்தம் ஊறும் என்று சொல்லி சிவப்பு டானிக் போத்தல்களோடு ஒருவர் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகள் ஒன்பது பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேசி முடித்ததும் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எனக்கென்னம்மா, ஏதோ போத்தலுக்கு ரெண்டு ரூவா" என்றார் வந்தவர்.

"சரி. ரெண்டு ரூவா கெடைக்காத ஆளு யாராச்சும் இது நல்ல மருந்துன்னு சொன்னாங்களா?"

"அதெப்படிம்மா..."

"அப்படி ஒரு ஆளு கெடைச்சா கூட்டிட்டு வாங்க. சூடா ஒரு கோப்பை சாயத்தண்ணி ஊத்தித் தர்றேன். இப்பக் கதவச் சாத்த விடுங்க, குளுரு காத்து வருது."

சிரிப்பாகத்தான் இருந்தது, அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பும்வரை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் சிறிய கட்டணத்துக்கு வகுப்பு நடத்தினேன். அது எவ்வளவு அவசியம் என்று பெற்றோரைக் கூட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அதே குரல்: "மாஸ்டர், இதுல ஒங்களுக்கு என்ன கெடைக்கும்?" இருபத்தாறு பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். என்ன கிடைக்கும் என்று சொன்னேன். "அப்பச் சரி. அதையும் சொல்லிட்டுச் சேத்துக்குங்க" என்று போய்விட்டார். பத்தொன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் தோட்டத்தில் ஒரு கதை இருந்தது. நோட்டன் பக்கம் ஒரு மாப்பிள்ளை சரியாகி வந்ததாம். இவர் ஒரு மழை நாளில், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். உண்மையா என்று தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகு, தோட்டத்து மேனேஜரான பெரியதுரையிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் இனித் தோட்டத்து ஊழியர் அல்ல, ஆகவே இரண்டு வருடத்துக்குள் குவாட்டர்ஸைக் காலி செய்யவும் என்று பதினோரு வரிகளில். அதை என் மனைவி கடவுள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டாள்: "ரெண்டு வருசம் கழிச்சு இந்தப் படத்த எந்தச் செவத்துல மாட்டுறது?" இரண்டு பெண் பிள்ளைகள் எங்களுக்கு. என் அப்பா தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர், நான் லயத்தில் பிறந்தவன். காணி வாங்குவது எப்படி என்று கேட்க எங்கள் வம்சத்தில் ஒரு ஆள் கிடையாது.

அந்த நேரத்தில்தான் ஹட்டன் பஸ் நிலையத்துச் சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கொழும்பிலிருந்து நிபுணர் வருகிறார், காணியும் வீடும் வாங்கிப் பணக்காரர் ஆவதற்கு மூன்று ஞாயிறு வகுப்பு, முதல் ஞாயிறு இலவசம். எழுபத்தொன்பதாம் வருடம் என்று நினைவு. இடம், ஒரு ஹோட்டலின் மேல்மாடி. நான் போனேன். இலவசம் என்பதால் மிட்வைப் அம்மாவும் வந்தார்.

நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கணக்குப்பிள்ளைமார், ஆசிரியர்கள், இரண்டு லொறி டிரைவர்கள், ஒரு பேக்கரிக்காரர். டையும் கோட்டும் போட்ட கனவான் ஒருவர் பேசினார். நல்ல தமிழ். "நீங்கள் வாடகை கொடுக்கப் பிறந்தவர்களா, வாங்கப் பிறந்தவர்களா?" என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, "நான் ஒரு நிலச் சொந்தக்காரன்" என்று மூன்று முறை சத்தமாகச் சொல்லவைத்தார். சொன்னேன். மூன்றாவது முறை குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்த வகுப்பில் சேர்ந்த பிறகுதான் தனக்கு மூன்று வீடுகள் ஆயின என்று சொல்லி அழுதார். பிறகு டீயும் பட்டர் கேக்கும் தந்தார்கள். அடுத்த ஞாயிறுக்கு அன்றைக்கே பதிந்தால் கட்டணத்தில் சலுகை, இன்றைக்கு மட்டும் என்றார்கள். "இன்றைக்கு மட்டும்" என்று அந்தக் கனவான் பதினேழு முறை சொன்னார். எண்ணினேனே தவிர, எண்ணியதை வைத்து யோசிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம் எப்படி என்று கேட்டேன்.

"கேக்கு நல்லாருந்திச்சு. ரெண்டு துண்டு தின்னேன்."

"கேக்க விடுங்க. பேச்சு?"

"டீ குடிக்கிறப்ப அந்த அழுத மனுசன்கிட்ட கேட்டேன் மாஸ்டர். ஒங்க மூணு வீட்டுக்கும் தண்ணி எங்கேர்ந்துங்க வருதுன்னு. முழிக்கிறாரு. சொந்த வீட்டுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாத ஆளு உண்டா?"

"தண்ணியப் பத்தியெல்லாமா அவர் யோசிச்சிக்கிட்டு இருப்பாரு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது விளக்க முடியும், அப்போது புரியவில்லை. எங்கள் பிழை அது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பாதை தோட்டம் வெட்டியது, தண்ணீர் தோட்டம் கொண்டுவந்தது. மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் தண்ணீருக்கு எங்கள் பக்கம் பீலி என்று பெயர். ஐந்து தலைமுறையாக, வீடு என்றால் பீலியும் பாதையும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும் என்று இருந்துவிட்டோம். கூரை, சுவர், அறை என்று எண்ணுவோம். இந்த இரண்டையும் எண்ண மாட்டோம்.

அடுத்த ஞாயிறு அவரிடம் சொல்லாமல், மனைவியிடமும் சொல்லாமல், அரை மாதச் சம்பளத்தைக் கட்டி இரண்டாம் வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார்கள். பூண்டுலோயா போகும் வழியில் இருபத்திரண்டு துண்டுக் காணிகள், பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறம் தீட்டியிருந்தது. வகுப்புக்கு வந்தவர்களுக்கு மட்டும் சலுகை விலை, மூன்றாம் ஞாயிறு முற்பணம் கட்ட வேண்டும். நான் பன்னிரண்டாம் துண்டைப் பார்த்து வைத்தேன். அதன் ஓரமாக ஒரு நீலக் கோடு போனது. 'சிற்றோடை, பூங்கா' என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் அங்கே விளையாடுவதுபோல நினைத்துப் பார்த்தேன். புதன்கிழமை தபால் கந்தோரில் சேமிப்பு முழுவதையும் எடுத்து வந்துவிட்டேன்.

மனைவி வியாழக்கிழமை கண்டுபிடித்தாள். நேரே மிட்வைப் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அவர் வந்தார். நாற்காலியில் உட்காராமல், வகுப்பில் நான் எழுதிய நோட்டைக் கேட்டார். முப்பத்தெட்டுப் பக்கம். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மாஸ்டர், நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. காணி யார் பேருல இருக்குன்னு எங்க போய்ப் பாக்கிறதுன்னு இதுல இருக்கா?"

"இல்ல."

"பாதை?"

"இல்ல."

"தண்ணி?"

"இல்ல. ஆனா மனச எப்படி வச்சுக்கணும்னு..."

"மனச வச்சுக்கறதுக்கு அரை மாசச் சம்பளமா? நா ரெண்டு துண்டு கேக்கு ஓசியில தின்னேன். நீங்க திங்காத கேக்குக்குக் காசு கட்டியிருக்கீங்க." என் மனைவி சமையலறையில் சிரித்தாள். விஷயம் தெரிந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அவர் எங்கே படித்தார் என்பது எனக்குத் தெரிந்தது. லீவு நாட்களில் நுவரெலியாவுக்குப் போவாராம். காணிப் பதிவகத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்திருப்பாராம். ஒரு காணியின் ஏடு எந்தப் புத்தகத்தில் இருக்கும், அதை எப்படிக் கேட்பது, அடமானம் இருந்தால் எந்தப் பக்கத்தில் தெரியும் என்பதெல்லாம் அங்கே வந்து போகிறவர்களைப் பார்த்தே கற்றாராம். பதிவகம் மூடியிருந்தால் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து காணி வழக்குகளைக் கேட்பாராம்.

"காணி வகுப்பு வேணும்னா கோட்டுக்குப் போங்க மாஸ்டர். ஏமாந்தவங்க எல்லாம் எப்படி ஏமாந்தோம்னு வரிசையா ஏறி நின்னு சொல்றாங்க. கட்டணம் கெடையாது. கேக்குந்தான் கெடையாது."

சனிக்கிழமை மழை கொட்டியது. அவர் குடையோடு வாசலில் நின்றார். "காசக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டு வருவோம். நாளைக்கும் அந்தக் காணி அங்கதானே இருக்கும்."

தலவாக்கலையில் பஸ் மாறி, பூண்டுலோயா பாதையில் ஒரு வளைவில் இறங்கினோம். அவர் நேராகக் காணிக்கு ஏறவில்லை. பாதையோரத்தில் ஒரு சிங்கள மூதாட்டி வைத்திருந்த சின்னக் கடைக்குள் போய், இரண்டு டீ சொல்லிவிட்டு, மருமகளுக்குக் குழந்தை எத்தனை மாதம், பால் குடிக்கிறதா என்று கால் மணி நேரம் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. கடிகாரத்தை ஏழு முறை பார்த்தேன். கடைசியில்தான் மேலே கையைக் காட்டி, அந்த இடத்தைப் பற்றிக் கேட்டார்.

கிழவி மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுவா? அது தண்ணி போற வழி. ஆளுங்க இருக்கிற எடம் இந்தப் பக்கம்."

ஏறிப் பார்த்தோம். சிற்றோடை என்று எழுதியிருந்த நீலக் கோடு ஒன்பதாம் துண்டில் தொடங்கிப் பதினான்காம் துண்டு வரை சிவப்புத் தண்ணீராக, ஒரு முழுத் தேயிலைச் செடியை வேரோடு உருட்டிக்கொண்டு இறங்கியது. என் பன்னிரண்டாம் துண்டு அதற்கு நடுவில் இருந்தது. நாங்கள் ஏறி வந்த பாதையும் வேறொருவருடைய காணிக்குள் போகிறதாம், அவர் நினைத்தால் வேலி அடைக்கலாமாம்.

"மேப்புல ஓரமாத்தானே போச்சு" என்றேன்.

"மேப்பு காஞ்ச நாளுல கீறினது மாஸ்டர்."

திரும்பி வந்து கடையில் உட்கார்ந்து அட்டைகளைப் பிடுங்கினோம். எனக்கு ஒன்பது. அவருக்கு ஒன்று. மடியில் காசுப் பொட்டலம் நனையாமல் இருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கேலி செய்யத் தெரிந்தவர்தான், அன்றைக்குச் செய்யவில்லை.

நாற்பத்து மூன்று பேரில் எட்டுப் பேர் அந்த ஞாயிறு முற்பணம் கட்டினார்கள். கனவான் அதற்குப் பிறகு ஹட்டன் பக்கம் வரவில்லை. பேக்கரிக்காரர் மூன்று வருடம் கொழும்புக்கு அலைந்தார்.

அதற்குப் பிறகு நான் பயந்தவனாகிவிட்டேன். பெரியதுரையிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கெடுவை நீட்டிக்கொண்டு, ஐந்து வருடத்தில் பதினேழு காணிகள் பார்த்தேன். பதினேழையும் மழையில் பார்த்தேன், பக்கத்து வீட்டில் டீ குடித்தேன், பதிவகத்தில் ஏட்டைப் புரட்டினேன். வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பெப்ரவரி வறட்சியில் போய் அளந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டேன்.

"குறை இல்லாத காணிய ஆண்டவர் மோட்சத்துல வச்சிருக்காரு மாஸ்டர்" என்றார் அவர் ஒருமுறை எரிச்சலோடு. "குறை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கேத்த வெலயக் குடுத்து வாங்குறதுதான் வாங்குறது."

அவருக்கே ஒரு காணி இருந்தது. ஹட்டனில் ரயில் பாதைக்கு மேலே இருபது பேர்ச் நிலம், இரண்டு அறையும் தகரக் கூரையுமாக ஒரு வீடு. ஓய்வு பெற்ற பிறகு இருப்பதற்கென்று வாங்கியது. எண்பத்து மூன்றாம் வருட ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, மன்னாரில் இருந்த அக்கா வாரம் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தார், தனியாக அங்கே இருக்க வேண்டாம், வந்துவிடு என்று. நாற்பதாவது கடிதமோ என்னவோ, அவர் சரி என்று எழுதிவிட்டார். அக்காவின் காணியில் ஓர் ஓரமாக வீடு கட்டி, கிணறு ஒன்றும் வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு இந்தக் காணியை விற்றாக வேண்டும்.

எனக்கு அப்போது கடைசிக் கடிதம் வந்திருந்தது. டிசம்பருக்குள் குவாட்டர்ஸ் காலி. இனி நீட்டிப்பு இல்லை. நான் ஓடிப்போய், "அம்மா, வெலயச் சொல்லுங்க. நா எடுத்துக்கிறேன்" என்றேன். பதினேழு காணியில் இல்லாத நிம்மதி எனக்கு. ஐந்து வருடமாக எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் காணி அல்லவா?

அவர் முகம் மாறிவிட்டது.

"அந்தக் காணி எப்படின்னு எங்கிட்ட கேக்காதீங்க மாஸ்டர். நா இப்ப விக்கிறவ."

"நீங்க விக்கிறதாலதானே வாங்குறேன்."

"அப்ப நீங்க ஒண்ணும் படிக்கல. நா இல்லாத நாளாப் பாத்து, மழையில போங்க. பக்கத்து வீட்டுல கேளுங்க. அப்புறம் வெல பேசலாம்."

போனேன். பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் கேட் காவலராக இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர். பால் சேர்க்காத சாயத்தண்ணி டீயும் கருப்பட்டித் துண்டும் தந்தார். சிங்களத்தில்தான் பேசினோம். மரியாதைக்கு என்னை மாத்தயா என்றும் மிட்வைப் அம்மாவை நோனா என்றும் சொன்னார்.

"காணி நல்ல காணி. தண்ணி நிக்காது. பாதை அரசாங்கப் பாதை, யாரும் மறிக்க முடியாது. ஆனா மாத்தயா, பீலி என்னோட காணியில இருக்கு."

"உறுதிப் பத்திரத்துல எழுதியிருக்கா?"

"இல்ல. என் மகளுக்கு வலி கண்ட நாள் மண் சரிஞ்சு ரோட்டு மூடிப்போச்சு. நோனாதான் பிள்ளையத் திருப்பி எடுத்தாங்க. காசு நீட்டினேன், வாங்கல. அடுத்த நாள் நானே குழாய அந்தப் பக்கம் இழுத்து விட்டேன். அது நோனாவுக்குக் குடுத்தது. காணிக்குக் குடுத்தது இல்ல."

"நா வாங்கினா?"

அவர் தலையைச் சொறிந்தார். "மாத்தயா எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியாதே."

கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. பீலி இல்லாவிட்டால் தண்ணீருக்குக் கீழே ஓடைக்கு இறங்க வேண்டும். இறங்கி எண்ணினேன். நூற்று நாற்பது படி.

அம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நான் சரியாகக் கேட்டுவந்த திருப்தியோடு. பிறகு விலையைச் சொன்னார். அந்தப் பகுதியில் போகிற விலையில் கால் பங்கு குறைவு.

"எதுக்கும்மா இவ்வளவு கொறைக்கிறீங்க? குழாய் இப்பவும் ஓடுதே. முழு வெலயும் தர்றேன். மன்னாருல கெணறு வெட்டணும்னீங்க."

"ஓடுறது எனக்கு. ஒங்களுக்கும் ஓடும்னு நா எப்படிச் சொல்றது? நா வாங்குறப்ப ஓடையிலதான் தண்ணி. அந்த வெலதான் குடுத்தேன். பீலியோட வெலய வாங்கிக்கிட்டு, பீலி வரும் நம்பிக்கையா இருங்கன்னு சொன்னா, ஹோட்டல் மாடியில டை கட்டிக்கிட்டு ஒருத்தர் சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டா அவரு எழுதிக் குடுத்துருவாரே."

"குடுத்துருவாரு. அதனாலதான் கேக்கல." சிறிது நேரம் குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். "பிள்ளப்பேறு பாத்ததுக்கு நா யார்கிட்டயும் கூலி கேட்டதில்ல மாஸ்டர். இப்பப் போயிக் கேட்டா, அந்தப் பேரப்பிள்ளைக்கு ஒரு வெல போட்டு என் காணி வெலயில சேத்த மாதிரி ஆயிரும்."

நான் மேலும் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள், டிசம்பர் கெடு, குறைந்த விலை. ஆகஸ்ட் மாதம் நொத்தாரிஸ் முன்னால் கையெழுத்து வைத்தோம். செப்டம்பரில் குடிபோனோம். குழாயைப் பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்திவிடுவாரோ என்று தினமும் காலையில் எழுந்ததும் முதலில் பீலியைத்தான் போய்ப் பார்ப்பேன். என் மனைவி ஓடைக்குப் போகப் பித்தளைக் குடங்கள் இரண்டை ஈயம் பூசி வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் அம்மா மன்னாருக்குப் போய்விட்டார். எங்களிடம் விடைபெற வந்தது அதற்கு முந்தைய ஞாயிறு. என் மகள்கள் அழுதார்கள். போனது அடுத்த வியாழக்கிழமை ரயிலில், வழியனுப்ப யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு.

பதினொரு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே வந்தார். நல்ல உடுப்புப் போட்டிருந்தார். நொத்தாரிஸிடம் போவோம், பீலித் தண்ணீர் இந்தக் காணிக்கும் உரியது என்று எழுதிவிடுகிறேன் என்றார். பணம் எவ்வளவு என்றேன். வேண்டாம் என்றார். நான் நல்ல சிங்களம் பேசியதும், அவருடைய பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மன்னாரிலிருந்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டாவதில் ஒரு வரி: "வீட்டுக்குக் கூரை போட்டாச்சு. கிணறு இன்னும் வெட்டவில்லை, தண்ணீர் ஊர்க் கிணற்றில்தான். போக இருநூற்றுப் பத்துக் காலடி, வர இருநூற்றுப் பத்துக் காலடி. நீங்கள் கேட்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன்."

மூன்றாவது கடிதத்தை அவருடைய அக்கா எழுதியிருந்தார். காய்ச்சல், எட்டு நாள், அவ்வளவுதான். எண்பத்தெட்டில், ஜூன் மாதம்.

செய்தியைச் சொல்லப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேரன் உள்ளே சத்தமாக வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தான். அவர் சொன்னார்:

"மாத்தயாவுக்குச் சொல்ல வேணாம்னு நோனா சொல்லியிருந்தாங்க. இனிமே சொன்னா என்ன? போன அன்னைக்கு, ரயிலுக்கு முன்னாடி, அந்தப் பெட்டியும் குடையுமா இங்க வந்தாங்க. பெரிய மழை. இதே எடத்துல இருந்து சாயத்தண்ணி குடிச்சாங்க. மாத்தயா எப்படி, சத்தம் போடுற ஆளா, வேலியத் தள்ளி நடுற ஆளான்னு எல்லாம் கேட்டாங்க. ஒண்ணும் குறை இல்ல, சும்மா எதையாவது எண்ணிக்கிட்டே இருப்பாருன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம், 'அன்னைக்குக் காசு நீட்டினீங்களே, இப்ப அதக் கேக்க வந்திருக்கேன், அந்தத் தண்ணியக் காணிக்கே எழுதிக் குடுத்துருங்க'ன்னாங்க. 'காணியத்தான் வித்துட்டீங்களே நோனா, இப்ப எதுக்கு?'ன்னேன். 'அதனாலதான் இப்பக் கேக்க முடியுது. இப்ப எனக்கு இதுல ஒண்ணும் கெடைக்காது'ன்னாங்க."

பிறகு குடையை விரித்துக்கொண்டு, எங்கள் வேலியை ஒட்டிய படிகளில் ஸ்டேஷனுக்கு இறங்கிப் போனாராம்.

அந்த வியாழக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழைக்காகப் பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டோம். நான் வீட்டில்தான் இருந்தேன். கூரைத் தகரங்களில் எத்தனை ஒழுகுகின்றன என்று அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.